நானூற்று எழுபத்தோரு வரிகள்

நெரிமா, டோக்கியோ
பிப்ரவரி 24

அன்புள்ள ஷிஹோவுக்கு,

மிதராய் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நெமுரோவில் இன்னும் பனி இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு நடந்தா போகிறாய்? தரை வழுக்கும், பார்த்துப் போ.

"நீங்கள்" என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். நீ இப்போது நாற்பத்து நான்கு வயது ஆசிரியை, மரியாதையாகத்தான் எழுத வேண்டும். ஆனால் எட்டு வயதில் என் பைக்குள் தவளையை விட்டு மூடிவைத்த பெண்ணை "நீங்கள்" என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. அன்று அந்தத் தவளையோடு நான் பதிப்பகம் வரை போனேன். எங்கள் இதழின் தலைமை ஆசிரியர் முன்னால் பையைத் திறந்தேன். அதனால்தான் எனக்குப் பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப் போயிற்று என்று உன் அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

உன் கடிதமும் அதோடு வந்த நோட்டுப் புத்தகமும் கிடைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. உடனே பதில் போட்டிருக்க வேண்டும். வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லலாம், ஆனால் அறுபத்து மூன்று வயதில் ஒரே ஒரு படக்கதைத் தொடரைக் கட்டி முடிப்பதற்காக மறுபடி வேலைக்கு வைத்திருக்கிற ஆளுக்கு என்ன வேலை இருக்கும்? பயம்தான், வேறொன்றும் இல்லை.

நீ இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். அப்பா முடிக்காமல் விட்ட இடத்திலேயே தொடரை நிறுத்தி, நூற்று ஐம்பத்தொன்பதாம் தொகுதியைக் கடைசித் தொகுதியாக வெளியிட வாரிசு என்ற முறையில் சம்மதம் என்பது ஒன்று. அதற்கு நன்றி. இரண்டாவது, எங்கள் வார இதழின் பொருளடக்கப் பக்கத்தில் ஒவ்வொரு தொடரின் பெயருக்குக் கீழும் அதை வரைகிறவர் வாராவாரம் எழுதும் ஒற்றை வரி இருக்கிறதே, அப்படி அப்பாவின் பெயரில் வந்ததையெல்லாம் நீ கத்தரித்து ஒட்டி வைத்திருக்கிறாய் என்பதும், அந்த நானூற்று எழுபத்தோரு வரிகளையும் கடைசித் தொகுதியின் பின்னால் அச்சிட வேண்டும் என்பதும். "நான் அப்பாவோடு பேசாத காலத்திலும் அப்பா என்னோடு வாரம் ஒரு முறை பேசிக்கொண்டுதான் இருந்தார்" என்று எழுதியிருந்தாய். அந்த வாக்கியத்தைப் படித்த பிறகு அன்று முழுக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஷிஹோ, அந்த நானூற்று எழுபத்தோரு வரிகளில் ஒன்றைக்கூட உன் அப்பா எழுதவில்லை. அத்தனையும் நான் எழுதியவை.

இதோடு கடிதத்தை மூடிவைத்துவிட்டு நீ கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வந்தாலும் சரி. மீதியை நீ எப்போது படித்தாலும் சரி, ஆனால் படித்துவிடு. இதைவிட மோசமானது இனிமேல்தான் வருகிறது.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் இது எப்படி நடந்தது என்று உனக்குப் புரியும். 'நாகசாகிக்கு நூறு காதம்' தொடர் பத்து வாரத்துக்கென்று போடப்பட்டது. எனக்கு இருபத்தேழு வயது, உன் அப்பாவுக்கு முப்பத்திரண்டு. அந்தக் காலத்து டோக்கியோவான எடோவிலிருந்து ஒரு தபால் ஓட்டக்காரன், பேர் தோகிச்சி, பூட்டிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நாகசாகிக்கு ஓடுகிறான். பத்தாவது வாரம் போய்ச் சேருகிறான். கதை அவ்வளவுதான். எங்கள் தொழிலில் வாசகர் போடும் அஞ்சலட்டைதான் நீதிபதி. எட்டாவது வாரம் பத்தொன்பது தொடரில் நாங்கள் பதினேழாவது இடம். "இன்னும் ரெண்டு வாரம், சத்தமில்லாம முடிச்சிடுங்க" என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். போகிறபோக்கில் ஒரு கூத்து என்று, ஒன்பதாவது வாரம் தோகிச்சியின் பெட்டியை ஒரு சூதாட்டக்காரி திருடிக்கொண்டு ஓடுவதாக உன் அப்பா வரைந்தார். அட்டைகள் மூட்டையாக வந்து விழுந்தன. ஒரே வாரத்தில் நான்காவது இடம்.

பத்தாவது வாரம் நாகசாகியில் இருக்க வேண்டியவனை ஹகோனே மலையில் நிறுத்த வேண்டியதாயிற்று. நான்தான் சொன்னேன், மலை சரிந்து பாதை அடைபட்டுவிட்டது என்று போடுங்கள் என்று. அன்று பிடித்த பழக்கம். முப்பத்து மூன்று வருடம் ஜப்பானில் ஒரு மலையை விடாமல் சரித்திருக்கிறேன், ஒரு பாலத்தை விடாமல் ஆற்றோடு அடித்துப் போக விட்டிருக்கிறேன். அவன் நாகசாகியை நெருங்கும்போதெல்லாம் தொலைக்காட்சித் தொடர் வரும், திரைப்படம் வரும், நான் ஓடிப் போய்க் குறுக்கே ஒரு வெள்ளத்தை விடுவேன். "அவன சேர விடுய்யா மிதராய், அவனுக்குக் காலு வலிக்குது" என்பார் உன் அப்பா. "அடுத்த வருஷம் பார்ப்போம் ஐயா" என்பேன் நான். வலித்தது யார் கால் என்று அப்போதெல்லாம் நான் யோசித்ததே இல்லை.

உன் அம்மா இறந்த வாரம் உனக்கு நன்றாக நினைவிருக்கும். ஃபூமியே அம்மாவை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருக்க, பக்கத்து அறையில் உன் அப்பா உட்கார்ந்து பத்தொன்பது பக்கம் வரைந்தார். தகனத்துக்குப் பிறகு நீ அவரிடம், "அம்மாவுக்காக ஒரே ஒரு வாரம் விட முடியலையாப்பா?" என்று கேட்டாய். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு நெமுரோவுக்குப் போய்விட்டாய். அந்தக் கேள்வியில் பாதி எனக்குச் சேர வேண்டியது. அந்த வாரம் விடுமுறை விடலாமா என்று அவர் என்னைக் கேட்டார். "உங்க இஷ்டம் ஐயா" என்றேன், என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. அந்த அத்தியாயத்தை எடுத்துப் பார். ஒரு முகம்கூட இருக்காது. பத்தொன்பது பக்கமும் பாதையில் பெய்யும் மழைதான். அவரால் முகம் வரைய முடியவில்லை. அட்டைகளில் அந்த வாரம் கடைசி இடம். நியாயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

அதுவரை ஒற்றை வரியை அவரே எழுதித் தொலைநகலில் அனுப்புவார். நீ போன பிறகு நின்றுவிட்டது. கேட்டால், "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. நீயே எதையாவது எழுதிக்கய்யா" என்றார். வரைகிறவர் வரி தராவிட்டால் பொறுப்பாசிரியர் எழுதிவிடுவது எங்கள் இதழில் காலங்காலமாக நடப்பதுதான். வாரக்கணக்கில் தூங்காத மனிதரிடம் போய் நாற்பது எழுத்து கொடுங்கள் என்று யார் கேட்பது? ஒரு வாரம், இரண்டு வாரம் என்றுதான் ஆரம்பித்தேன்.

ஆனால் வாராவாரம் இன்னொரு மனிதருக்கு என்ன என்று கற்பனை செய்வது? என்னிடம் இருந்ததையே எழுதினேன். 'மாடிப்படி ஏறினால் முழங்கால் என் பேர் சொல்லித் திட்டுகிறது', இது என் முழங்கால். 'எங்கள் சீமைப்பனிச்சையில் இந்த வருடம் எனக்கு மூன்று பழம், காக்கைக்கு நாற்பது', இது என் வீட்டு மரம். 'புகைப்பதை விட்டு நூறு நாள்', அது நான் விட்டது. உன் அப்பா கடைசி வரை விடவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் நீ சிவப்பு மையில் 'அப்பாடா' என்று எழுதியிருக்கிறாய். 'வீட்டுக்கு ஒரு நாய் வந்திருக்கிறது. பேர் மோனகா. என்னைவிடக் குறட்டை' என்ற வரியிலிருந்துதான் உன் நோட்டில் பொம்மைப் படங்கள் ஆரம்பிக்கின்றன. காதைத் தொங்கவிட்ட பழுப்பு நாய், பக்கத்துக்குப் பக்கம். மோனகா என் நாய் ஷிஹோ. நீ வரைந்தது அச்சு அசல் அதேதான். ஒரு காது மட்டும் அதற்கு நிமிர்ந்து நிற்கும்.

நீ பத்து வருடம் அன்பு வைத்தது யார் முழங்கால் மேல், யார் நாய் மேல் என்று நினைக்கும்போது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

2018 ஜனவரியில் உன் அப்பா வீட்டுக்கு ஒரு பொட்டலம் வந்தது. அனுப்பியவர் முகவரி நெமுரோ. உள்ளே கடிதம் இல்லை. நீலமும் வெள்ளையுமாக நாய்க்குப் பின்னிய ஒரு கம்பளிச் சட்டை. நான் போனபோது அவர் அதை வரைபலகை மேல் விரித்து வைத்து, ஏதோ வரைபடம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். "யோவ், எனக்கு நாய் இருக்காமே?" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தார். உன் அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "வேற என்னல்லாம் இருக்கு எனக்கு? சொல்லு, தெரிஞ்சுக்கறேன்" என்றார். முழங்கால், மரம், புகை எல்லாவற்றையும் சொன்னேன். "நல்ல வாழ்க்கையாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் அந்தச் சட்டையின் கையை மடித்துக்கொண்டே, "அவ படிக்கிறாய்யா. வாராவாரம் படிச்சிருக்கா" என்றார்.

அடுத்து வந்த ஏப்ரலில் தொடருக்கு முப்பது வயது. அட்டைப்படம் நம்முடையது, வண்ணப் பக்கம் நம்முடையது, மற்ற ஓவியர்கள் ஆளுக்கொரு தோகிச்சி வரைந்து வாழ்த்தியிருந்தார்கள். மே மாத முதல் வார விடுமுறைக்காக இரண்டு வாரத்துக்கும் சேர்த்து ஒரே இதழாக வருவது அது. ஆயிரத்து முன்னூற்று எழுபத்திரண்டாவது அத்தியாயத்தை வாங்க நான் போனபோது, கடைசிப் பக்கத்தை என் கையில் தனியாகக் கொடுத்தார். கட்டத்துக்கு வெளியே, அடி விளிம்பில், அச்சில் விழாத நீலப் பென்சிலால் எழுதியிருந்தது. "இந்த வாரம் என்னோட வரியப் போடு" என்றார். ஏழு வருடத்துக்கு அப்புறம். எங்கேயோ பார்த்துக்கொண்டு, காதெல்லாம் சிவந்துபோய்.

அந்த வரியை அங்கேயே, அவர் எதிரிலேயே படித்தேன். எழுத்து மாறாமல் எனக்கு மனப்பாடம். இது:

'நாய் பொய். மரமும் பொய். நான் மட்டும் இருக்கிறேன். மே மூன்று, நான்கு, ஐந்து மூன்று நாளும் வரையமாட்டேன். வா.'

நான் அதைப் போடவில்லை.

விழா இதழ், எல்லோரும் நன்றி சொல்லும் இடத்தில் இது பொருந்தாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாசகருக்கும் புரியாது என்றும் சொல்லிக்கொண்டேன். யாருக்கு எழுதியது என்று புரியவில்லை என்று இப்போது உனக்கு எழுதலாம். அது நானூற்று எழுபத்திரண்டாவது பொய்யாகும். புரிந்தது. அந்த வரி அச்சானால் நான் ஏழு வருடம் எழுதியதெல்லாம் வேஷம் என்று லட்சம் பேருக்குத் தெரியும், தலைமை ஆசிரியர் கூப்பிட்டுக் கேட்பார், வேலை போனாலும் போகும் என்ற பயம் ஒன்று. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. என் வரிகள் எனக்குப் பிடித்துப் போயிருந்தன. வாசகர்கள் மோனகாவை விசாரித்து அட்டை போட ஆரம்பித்திருந்தார்கள். முப்பது வருடம் அடுத்தவர் கதைக்குப் பின்னால் நின்றவனுக்கு, அந்த நாற்பது எழுத்து மட்டும் சொந்த வீடு மாதிரி. அவர் வந்து அதை ஒரே வரியில் இடித்துப் போட்டார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

'முப்பது ஆண்டு என்னோடு ஓடிய வாசகர்களுக்கு நன்றி. மோனகாவும் வாலாட்டுகிறது' என்று எழுதிப் போட்டேன்.

உனக்குத் தெரியும், அவர் அச்சான இதழைத் திறக்கவேமாட்டார். "நான்தானே வரஞ்சேன், எனக்குத் தெரியாதா என்ன நடந்துச்சுன்னு" என்பார். வாராவாரம் நாங்கள் அனுப்பும் இதழ்கள் உறையோடு நடைவழியில் அடுக்கிக் கிடக்கும். இதழ் கடைக்கு வந்த அன்று தொலைபேசியில் கூப்பிட்டு, "போட்டியா?" என்று கேட்டார். "போட்டேன் ஐயா" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அடுத்த இதழில் போட்டுவிடலாம், ஒரு வாரம் முன்பின் ஆனால் என்ன என்று நினைத்ததாக இத்தனை வருடம் என்னைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த இதழ் விடுமுறை முடிந்து பத்து நாள் கழித்துத்தான் வரும் என்பது எனக்கா தெரியாது? அந்த அட்டவணையைப் போட்டவனே நான்தான்.

மே இரண்டாம் தேதி மறுபடி கூப்பிட்டார். "நாளைக்கு உன் நாயக் கூட்டிட்டு வாய்யா. பொய்னு எழுதிட்டேன், ஆனா அவ அதப் பார்க்கணும்னு ஆசப்படுவா. என்னப் பார்க்க மட்டும்னா எவ வருவா?" என்றார்.

போனேன். உன் அம்மா செத்த வாரத்துக்கு விடாத விடுமுறையை உனக்காக விட்டிருந்தார், முப்பது வருடத்தில் முதல் தடவை. உதவியாளர்கள் எல்லோரையும் ஊருக்கு அனுப்பியிருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார், மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. உன் அறையில் புது மெத்தை விரித்து வெயில் காட்டியிருந்தார். அடுப்பில் பெரிய பாத்திரம் நிறையக் கறிக்குழம்பு. ஃபூமியே அம்மா போலவே ஆப்பிளைத் துருவிப் போட்டிருக்கிறேன் என்று இரண்டு தரம் சொன்னார். மோனகாவுக்கு உன் கம்பளிச் சட்டையை மாட்டினோம். மே மாத வெயிலில், அதுவும் அந்த வயிற்றுக்கு, அது பட்ட பாடு. "கொஞ்சம் பொறுத்துக்கடா, அவ பார்த்ததும் கழட்டிடலாம்" என்று அதனிடம் கெஞ்சினார்.

மூன்று நாளும் நான் அங்கே இருந்தேன் ஷிஹோ. மூன்று நாளும் வாசலில் சைக்கிள் மணி கேட்டால்கூட அவர் எழுந்து நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரமாட்டாய் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். வாயைத் திறக்க எத்தனை சந்தர்ப்பம்! பொட்டலத்தின் மேல் உன் முகவரி இருந்தது. ஒரு தந்தி கொடுத்திருந்தால்கூட ஐந்தாம் தேதி விமானத்தில் வந்திருப்பாய். இப்போது சொன்னால் இவர் முகம் என்னவாகும் என்று யோசித்தேன். யோசித்தது அவர் முகத்தைப் பற்றி இல்லை, என் முகத்தைப் பற்றித்தான்.

ஐந்தாம் தேதி சாயங்காலம் அவரே எழுந்து போய் நாயின் சட்டையைக் கழற்றினார். குழம்பை மறுபடி சூடாக்கி எனக்கும் போட்டு அவரும் சாப்பிட்டார். "சரி. கூப்பிட்டாச்சு, அவ வரல. அவ மேல தப்பில்ல, அவங்கம்மாவுக்கு நான் செஞ்சதுக்கு இது கம்மி" என்றார். தட்டைக் கழுவிக்கொண்டே, "இனிமே அந்த வரிய நீயே எழுதிக்க" என்றார்.

அடுத்த இதழுக்கு நான் எழுதியது உன் நோட்டில் இருக்கிறது. 'விடுமுறை மூன்று நாளும் மோனகாவோடு வீட்டில். கறிக்குழம்பு மிஞ்சிவிட்டது.' அதற்கு நீ நட்சத்திரம் போட்டிருக்கிறாய். பக்கத்தில் 'அப்பா தனியாக இல்லை, நல்லவேளை' என்று எழுதியிருக்கிறாய். போன வாரம் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் நோட்டை மூடி வைத்துவிட்டேன். மறுபடி திறக்க இரண்டு நாள் ஆயிற்று.

அப்புறம் 2021 கோடையில் அவருக்கு நுரையீரலில் நோய் வந்தது. தொடர் நின்றது. 'ஆசிரியர் கதைக்கான தகவல் திரட்டச் சென்றிருப்பதால் இந்த இதழில் தொடர் இல்லை' என்று போட்டோம். வரைகிறவர் காய்ச்சலில் கிடந்தாலும் சரி, மருத்துவமனையில் கிடந்தாலும் சரி, எங்கள் இதழ்களில் எழுதுவது இதைத்தான். தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 'அப்பா கடைசியாக நாகசாகிக்கே போயிருக்கிறார் போல' என்று நீ எழுதியிருப்பதைப் படித்தேன். அவர் தாச்சிகாவா மருத்துவமனையில் நான்காவது மாடியில் இருந்தார். உனக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "ஒரு தடவ கூப்பிட்டாச்சு. ரெண்டாவது தடவ கூப்பிட்டா அது தொந்தரவு" என்றார். அந்த "ஒரு தடவை" என்ற சொல்லுக்குக் கீழே ஒளிந்துகொண்டு இரண்டரை வருடம் ஓட்டிவிட்டேன்.

கையில் பென்சில் நிற்காதபோதும் படுக்கையிலிருந்தே வரைந்தார். இந்த முறை நான் எந்த மலையையும் சரிக்கவில்லை. தோகிச்சியை ஹிமி கணவாய் வரை கொண்டுவந்தார்; கீழே நாகசாகித் துறைமுகம் தெரிகிறது. இன்னும் அரை நாள் நடைதான். அதற்கு மேல் முடியவில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "பத்து வாரத்துல முடிஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும். இப்ப எனக்கே மறந்துபோச்சு" என்றார். என்னைக் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே மறந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

புத்தாண்டு கழிந்து இரண்டாம் வாரம். நான் ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தேன். "மிதராய், நான் போனப்புறம் ஷிஹோவப் பார்த்தா ஒண்ணு சொல்லு. அவ வராததுக்கு எனக்கு வருத்தம் இல்ல. மன்னிக்கறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லன்னு சொல்லு" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கட்டிலுக்கும் எனக்கும் இரண்டு அடி தூரம். "சொல்றேன் ஐயா" என்றேன், ஆப்பிளைத் துண்டு போட்டுக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் போய்விட்டார்.

நீ செய்யாத தவறுக்காக உன்னை மன்னித்துவிட்டுப் போயிருக்கிறார் ஷிஹோ. அந்த மன்னிப்பு உன் முகவரிக்கு வர வேண்டியதே இல்லை. செய்தவன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தான். அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. இனி அவரிடம் போய் யாரும் சொல்லவும் முடியாது. நாள் முழுக்க இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், நினைத்து என்ன பிரயோசனம்?

எல்லாவற்றையும் மறைத்துவிட்டு நானூற்று எழுபத்தோரு வரிகளையும் அழகாக அச்சிட்டுவிடலாமா என்று இந்தப் பன்னிரண்டு நாளில் யோசிக்காமல் இல்லை. உனக்கு ஓர் அப்பா இருந்திருப்பார், முழங்கால் வலியோடும் நாயோடும். ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அது நான்தானே. உன் அப்பா தன் மகளுக்கென்று ஒரே ஒரு வரி எழுதினார், அதை நான் விழுங்கினேன். அவர் இருந்த இடத்தில் புத்தகமாகவும் என்னையே அச்சடித்துக்கொண்டால் நான் மனிதனே இல்லை.

நடைமுறை விஷயங்கள் சில. மூலப் படங்களை அச்சானதும் வரைந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கம். ஆகவே அந்தப் பக்கம் என்னிடம் இல்லை, உன் அப்பா வீட்டில் இருக்கிறது. வரைமேசைக்கு இடதுபக்கம் தட்டையான இழுப்பறைகள், மேலிருந்து ஆறாவது. உறையில் 1372 என்று எழுதியிருக்கும். கடைசிப் பக்கம், அடி விளிம்பு. என் பேச்சை நம்பாதே, நீயே எடுத்துப் பார். சாவி பக்கத்து வீட்டு ஹிராய்வா அம்மாவிடம் இருக்கிறது. உன் அறை மெத்தையை அவர் மடிக்கவில்லை; நீ வந்தால் படுத்துக்கொள்ளலாம். மோனகா போன இலையுதிர்காலத்தில் கிழமாகி இறந்துபோயிற்று. நீ பின்னிய சட்டை என்னிடம் பத்திரமாக இருக்கிறது, உன்னிடம் தருவதா உன் அப்பாவோடு வைப்பதா என்று நீ சொல்கிறபடி செய்கிறேன்.

கடைசித் தொகுதியின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அங்கே எதைப் போடுவது, போடாமல் விடுவது என்பதை நீதான் முடிவுசெய்ய வேண்டும். யார் எழுதினார்கள் என்ற உண்மையையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று நீ சொன்னால், என் பெயரைப் போட்டே எழுதித் தருகிறேன். பதிப்பகத்திடம் நாளை காலையில் நானே சொல்லிவிடப் போகிறேன்.

மார்ச் பத்தாம் தேதி நாற்பத்தொன்பதாம் நாள், அஸ்தியைக் கல்லறையில் வைக்கும் சடங்கு. நீ அதற்கு வருவதாக எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்துக்குப் பிறகு என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் நீ வராமல் இருந்துவிடுவாயோ என்பதுதான் இப்போது என் கவலையெல்லாம். நான் கோயில் பக்கமே வரமாட்டேன். வெளியே தெருவில்கூட நிற்கமாட்டேன். ஆகவே என்னை நினைத்து நின்றுவிடாதே. எனக்கு மன்னிப்பு வேண்டாம். ஒருவர் தவறுதலாகக் கொடுத்துவிட்டுப் போனதே போதும்.

நீ மட்டும் வா, அம்மா. ஆறு வருடம் தாமதமாகச் சொல்கிறேன். உன் அப்பா உன்னைக் கூப்பிட்டார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நல்லபடியாக வந்து சேர்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் பெயரில் எழுதியவன்,
மிதராய் ஹிசாஷி